பொம்மையால் மூச்சடைப்பு ஆபத்து: திரும்பப் பெறும் அறிவிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது, என்ன செய்வது? தோட்டப்புறக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1999 டிசம்பர் 27. அமெரிக்காவில் பர்கர் கிங் உணவகங்கள், பிள்ளைகளின் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்த போகிமான் பந்துகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தன. இரண்டு பாதியாகப் பிரியும் பிளாஸ்டிக் பந்து அது. அதில் ஒரு பாதி மூக்கையும் வாயையும் கவ்விக்கொண்டு, 13 மாதப் பெண் குழந்தை ஒன்று மூச்சுமுட்டி இறந்திருந்தது. திரும்பப் பெற வேண்டியவை 2.5 கோடிக்கும் மேல். செய்தி நாடு முழுக்கப் பரவியது. அப்படியும் 2000 ஜனவரி 25 அன்று, 4 மாத ஆண் குழந்தை ஒன்று அதே பந்தின் பாதியால் இறந்தது. அறிவிப்பு வந்து ஒரு மாதம் ஆகியும் பந்து தொட்டிலிலேயே கிடந்திருக்கிறது.

பெயருள்ள நிறுவனம், பெயருள்ள பொம்மை, எல்லா ஊடகங்களிலும் செய்தி. அங்கேயே இப்படி. மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில் பிள்ளைகள் கையில் இருப்பவை எங்கிருந்து வந்தவை? பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் 5 வெள்ளிக்கு வாங்கியது, கோயில் திருவிழாக் கடையில் அடம்பிடித்து வாங்கியது, தீபாவளிக்கு ஈப்போவிலிருந்து சித்தி கொண்டுவந்தது, ஷாப்பியில் பத்து சேர்த்து ஒரு பொட்டலமாக வந்தது, அக்கா பிள்ளை விளையாடி முடித்துத் தந்தது. பாதிக்குமேல் பெட்டி கிடையாது. தயாரித்தவர் பெயரும் கிடையாது. இப்படிப்பட்ட பொம்மையைத் திரும்பக் கேட்டு யாரும் தோட்டத்து லயத்துக்குத் தேடி வரப்போவதில்லை. அதனால் அந்த வேலையை வீட்டிலிருந்தே நாம் செய்ய வேண்டியிருக்கிறது. பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்பவள் என்ற முறையில், அதை எப்படிச் செய்வது என்று வரிசையாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: அடைத்துக்கொண்டால் என்ன செய்வது

இதை மட்டுமாவது வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் படித்துவிடுங்கள். முக்கியமாகப் பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் ஆயாவும்.

பிள்ளை பலமாக இருமினால், சத்தமாக அழுதால், காற்று இன்னும் போய் வருகிறது என்று பொருள். இரும விடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். இருமல் சத்தமில்லாமல் போனால், அழ முடியாமல் வாயை மட்டும் திறந்தால், உதடு நீலம் பூத்தால், அப்போது ஒரு நொடிகூடக் காத்திருக்கக் கூடாது. ஒருவர் 999-க்கு அழைக்கட்டும். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். இன்னொருவர் இதைத் தொடங்க வேண்டும்:

ஒரு வயதுக்குக் கீழே என்றால், குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறப் படுக்க வையுங்கள். தாடையைக் கையால் தாங்கிப் பிடித்து, தலை நெஞ்சைவிடத் தாழ்வாக இருக்கும்படி கையைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை அடியுங்கள். வெளியே வரவில்லையா? மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவே, முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே 5 முறை அழுத்துங்கள். மறுபடி முதுகில் 5, நெஞ்சில் 5. கைக்குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது.

ஒரு வயதுக்கு மேலே என்றால், பிள்ளையை முன்பக்கம் குனிய வைத்து முதுகில் 5 முறை அடியுங்கள். வரவில்லையென்றால் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலே, நெஞ்செலும்புக்குக் கீழே ஒரு கையை முட்டியாக வைத்து, மறு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, உள்ளேயும் மேலேயும் சேர்ந்தாற்போல 5 முறை இழுங்கள். பொருள் வெளியே வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பிள்ளை நினைவிழந்து துவண்டுவிட்டால் தரையில் கிடத்தி, நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் சிபிஆர் தொடங்க வேண்டும். 999-இல் சொல்வதைக் கேட்டபடி செய்யுங்கள்.

நம் வீடுகளில் பழக்கத்தால் செய்யும் சில காரியங்கள் இந்த நேரத்தில் கெடுதல். புரையேறினால் உச்சந்தலையில் தட்டுவோமே, அதனால் தொண்டையில் மாட்டிய பிளாஸ்டிக் துண்டு வெளியே வராது. மீன்முள்ளுக்குக் கொடுப்பது போலச் சோற்று உருண்டையோ வாழைப்பழமோ கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். தண்ணீரும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் கீழே போய்விடும். நன்றாகத் தெரிந்தால் மட்டுமே விரலால் எடுக்கலாம்.

பொருள் வெளியே வந்து, பிள்ளை சிரித்து விளையாட ஆரம்பித்தாலும் மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். துண்டு ஏதாவது உள்ளே தங்கியிருக்கலாம். வயிற்றை அழுத்தியதால் உள்காயமும் ஆகியிருக்கலாம்.

எழுத்தில் படிப்பதால் கை பழகிவிடாது. மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கோயில் நிர்வாகமோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் திறந்துவிட்டு அவர்களை வரவழைக்கலாம். உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்துக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர நேரம் எடுக்கும். மூச்சடைத்த குழந்தைக்கு இருப்பது சில நிமிடங்கள்தான்.

படி 1: எல்லாப் பொம்மைகளையும் தரையில் கொட்டுங்கள்

ஒரு பழைய பாயை விரித்து, கூடை, அலமாரி, கட்டிலுக்கு அடி, கார், பாட்டி வீடு என்று எல்லா இடத்திலிருந்தும் கொண்டுவந்து கொட்டுங்கள். பிள்ளை தூங்கும் நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது.

பொம்மை யாருடையது என்று பார்த்துப் பிரிக்காதீர்கள். வீட்டுக்குள் வந்துபோகிற மிகச் சின்ன பிள்ளைக்கு என்ன வயது என்பதுதான் கணக்கு. நம் வீடுகளில் எட்டு வயது அண்ணனும் பத்து மாதத் தங்கச்சியும் ஒரே கூடத்தில் ஒரே பாயில் விளையாடுகிறார்கள். அண்ணனுக்கு வாங்கிய ரோபோவின் சின்னத் துப்பாக்கி அண்ணனை ஒன்றும் செய்யாது. தவழ்ந்து வரும் தங்கச்சி அதைத்தான் முதலில் வாயில் போடுவாள். மூன்று வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை இருந்தால், வாரக் கடைசியில் வரும் தம்பி பிள்ளையாக இருந்தாலும் சரி, அந்த வீட்டுப் பொம்மை எல்லாவற்றுக்கும் மூன்று வயதுக்குக் கீழான அளவுகோல்தான்.

படி 2: அளந்து பாருங்கள், இழுத்துப் பாருங்கள்

பொம்மைச் சோதனைக் கூடங்களில் 'சிறு பாகங்கள் உருளை' என்று ஒரு கருவி இருக்கிறது. உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். ஆழம் ஒரு பக்கம் 25.4, மறு பக்கம் 57.1 மில்லிமீட்டர் எனச் சாய்வாக இருக்கும். சின்னப் பிள்ளையின் தொண்டையை மனதில் வைத்துச் செய்த அளவு இது. ஒரு பொருளை அழுத்தாமல் உள்ளே போட்டு, அது முழுவதுமாக அடங்கிவிட்டால், மூன்று வயதுக்குக் கீழான பிள்ளைக்கு அது ஆகாது.

நம்மிடம் அந்தக் கருவி இல்லை. கழிப்பறைக் காகிதச் சுருள் தீர்ந்தபின் மிஞ்சும் அட்டைக் குழாய் போதும். அதன் அகலம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். உண்மையான கருவியைவிடக் கொஞ்சம் பெரியது, அதனால் நமக்குக் கூடுதல் பாதுகாப்பு. அந்தக் குழாய்க்குள் போகிற எதையும் சின்னப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம்.

பந்துக்குக் கணக்கு வேறு. உருண்டையான பொருள் தொண்டையை இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொள்ளும். எச்சிலில் வழுக்குவதால் விரலுக்கும் பிடிபடாது. அதனால் சிறு பந்துக்கான எல்லை சுமார் 44.5 மில்லிமீட்டர். பிங்பாங் பந்து 40 மில்லிமீட்டர்தான். ஆக, பிங்பாங் பந்து அளவுள்ள எந்த உருண்டையும் மூன்று வயதுக்குக் கீழான பிள்ளைக்கு ஆபத்து. கோலிக்குண்டு, துள்ளும் ரப்பர் பந்து எல்லாம் இதில் வந்துவிடும்.

இந்த அளவையும் முழுமையாக நம்பிவிட முடியாது. 2006-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் பிளேஸ்கூல் பெயரில் விற்ற கருவிமேசைப் பொம்மையை அமெரிக்காவில் திரும்பப் பெற்றது. எண்ணிக்கை சுமார் 2,55,000. அதோடு வந்த பெரிய பிளாஸ்டிக் ஆணிகள் தொண்டையில் இறுக மாட்டி, இரண்டு ஆண் குழந்தைகள் இறந்திருந்தன. அந்த ஆணி பெரியவர் கண்ணுக்கு விழுங்கவே முடியாத அளவு. நீளமான கைப்பிடி, நுனியில் குமிழ் உள்ள குச்சி, சுத்தியல் தலை போன்றவை குழாய்க்குள் அடங்காவிட்டாலும் சந்தேகத்தோடு பாருங்கள். வாயில் வைத்தபடி பிள்ளை விழுந்தால் எது எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று யோசியுங்கள்.

அப்புறம் இழுவைச் சோதனை. முழுதாகப் பெரிய பொம்மை உடைந்தால் சின்னதாகிவிடும். ஆய்வகத்தில் கண், மூக்கு, பொத்தான், சக்கரம் போன்ற பாகங்களை 70 நியூட்டன் அளவு விசையால் இழுத்துப் பார்ப்பார்கள். ஏறக்குறைய 7 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். முறுக்குவார்கள், உயரத்திலிருந்து போடுவார்கள். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது: துணிப் பொம்மையின் கண்ணையும் மூக்கையும் இரண்டு விரலால் பிடித்து நன்றாக இழுங்கள், திருகுங்கள். தையலை விரித்துப் பாருங்கள். பஞ்சோ மணியோ தெரிகிறதா? காரின் சக்கரத்தைப் பிடுங்கப் பாருங்கள். சக்கரம் வராமல் டயர் மட்டும் கழன்று வரும் ரகம் பாசார் மாலாமில் நிறைய. கிலுகிலுப்பையை முழங்கால் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் நாலைந்து தடவை போடுங்கள். பெரியவர் கைக்கு வந்துவிடும் பாகம், நாள் முழுக்கக் கடித்து ஊறவைக்கும் பிள்ளைக்கும் வந்துவிடும். பொம்மை வீணாகிவிடுமே என்று தயங்க வேண்டாம். உடைகிற பொம்மை உங்கள் கையில் உடைவதுதான் நல்லது.

படி 3: நான்கு பொருள்களை உடனே எடுத்து ஒளித்து வையுங்கள்

இவற்றுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

முதலாவது பட்டன் பேட்டரி. விளக்கு எரியும், பாட்டுப் பாடும், ஓசை எழுப்பும் மலிவுப் பொம்மைகளின் வயிற்றில் இது இருக்கும். 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் பேட்டரிதான் மிக மோசம். நம் 20 சென் காசு கிட்டத்தட்ட அதே அகலம். உணவுக்குழாயில் தங்கிவிட்டால், ஈரத்தின் வழியே மின்சாரம் ஓடி, பட்ட இடத்தில் காரத்தை உண்டாக்கிச் சதையை அரித்துவிடும். இரண்டே மணி நேரத்தில் கடும் புண்ணாகிவிடலாம். பொம்மையை ஓட்டச் சக்தியில்லாத பழைய பேட்டரிக்கும் இதற்குப் போதுமான மின்சாரம் இருக்கும். மூச்சு அடைக்காததால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும், இருமும், சளிக்காய்ச்சல் என்று நினைத்துவிடுவோம்.

பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் திறக்கும் மூடியென்றால் அந்தப் பொம்மை வீட்டில் இருக்கக் கூடாது. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், நேராக மருத்துவமனை. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், தேன் கையில் இருக்கிறது என்றால், வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் தேடுவதற்காக நிற்காதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே தேனே கூடாது. பினாங்கில் இருக்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. காரில் போய்க்கொண்டே கேட்கலாம்.

இரண்டாவது சின்னச் சின்னக் காந்தங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால், குடலின் இரண்டு மடிப்புகளுக்குள் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடலைத் துளைத்துவிடும். 2006-லும் 2007-லும் மாட்டெல் நிறுவனம் பாலி பாக்கெட் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது இப்படிக் கழன்று விழுந்த காந்தங்களால்தான்.

மூன்றாவது தண்ணீர் முத்துகள். காய்ந்திருக்கும்போது கடுகு அளவு, தண்ணீர் பட்டால் கோலிக்குண்டு அளவு. வண்ண வண்ணமாக மிட்டாய் போலவே இருக்கும். உள்ளே போய் ஊதிக் குடலை அடைக்கும்; எக்ஸ்ரேயில் தெரியாது. 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு தண்ணீர் முத்துப் பெட்டி திரும்பப் பெறப்பட்டபோது, அந்த முத்துகளால் 10 மாதக் குழந்தை ஒன்று ஏற்கெனவே இறந்திருந்தது. பூச்சாடியில் அழகுக்குப் போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது பலூன். பிறந்தநாள் விழா முடிந்தபின் மண்டபத் தரையில் கிடக்கும் வெடித்த துண்டுகள்தான் ஆபத்து. அந்த மெல்லிய ரப்பர் தொண்டையின் வடிவத்துக்கே மடங்கி ஒட்டிக்கொள்ளும். முதுகில் அடித்தாலும் எளிதில் வராது. எட்டு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு ஊதாத பலூனாலும் வெடித்த துண்டாலும் மூச்சடைக்கலாம் என்றுதான் அமெரிக்காவில் பலூன் பொட்டலத்தில் எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். விருந்தினரை அனுப்பும் முன் தரையைக் கூட்டிவிடுங்கள்.

படி 4: மிஞ்சியவற்றின் அடையாளத்தை எழுதிக்கொள்ளுங்கள்

பெயர், மாடல் எண், தொகுதி எண், தயாரித்த தேதி. பெட்டி இல்லையென்றால் பொம்மையின் அடிவயிறு, பேட்டரி மூடியின் உள்பக்கம், துணிப் பொம்மையின் பின்புறத் துணுக்குச் சீட்டு ஆகிய இடங்களில் தேடுங்கள். போனில் படமெடுத்து 'பொம்மை' என்று ஒரு ஆல்பத்தில் போடுங்கள். இனிமேல் வாங்குவதற்குப் பெட்டியின் எழுத்துள்ள பக்கத்தை வெட்டி வையுங்கள். ஆன்லைனில் வாங்கினால் விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கடைக்காரர் பக்கத்தை அழித்துவிட்டால் உங்களிடம் வேறு சாட்சி இருக்காது.

மலேசியாவில் விற்கும் பொம்மையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது எம்சி முத்திரை. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2009-இல் பொம்மைகளுக்கான பாதுகாப்புத் தர விதிமுறைகள் வந்தன. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகள் தரச் சோதனையில் தேறி, 'எம்', 'சி' எழுத்துகள் கொண்ட அந்த முத்திரையோடு வர வேண்டும். எச்சரிக்கை மலாயில் இருந்தால் 'அமாரான்', 'பஹாயா தெர்செக்கிக்', 'பஹாகியான் கெச்சில்' என்ற சொற்களைத் தேடுங்கள். சிறு பாகங்கள் உண்டு, மூச்சடைக்கும் என்று அர்த்தம்.

சிவப்பு வட்டத்துக்குள் குழந்தை முகமும் '0-3' எண்ணும் குறுக்குக் கோடும் இருந்தால், மூன்று வயதுக்குக் கீழே கூடாது. சில வியாபாரிகள் கிலுகிலுப்பையிலும் பல் கடிக்கும் வளையத்திலும்கூட இந்தப் படத்தை ஒட்டிவிடுகிறார்கள். பார்த்தாலே கைக்குழந்தைக்கு என்று தெரிகிற பொருளில் அந்தப் படம் இருந்தால், சின்னப் பிள்ளைக்கான சோதனையைத் தவிர்க்கப் பார்த்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

கடையில் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். "அண்ணே, இதுல எம்சி முத்திரை எங்க இருக்கு?" என்று கேட்டால், "எல்லாம் ஒரே சரக்குதான் தங்கச்சி, பயப்படாம வாங்கிட்டுப் போங்க" என்பார். முத்திரையைக் காட்டவில்லையே! பொம்மையைத் திரும்ப வைத்துவிட்டு வாருங்கள்.

படி 5: தேடுங்கள்

உள்ளூரில் முதலில் பார்க்க வேண்டியது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அறிவிப்புகள். எல்லோரும் கேபிடிஎன் என்று சொல்வது இதைத்தான். ஆனால் நம் பொம்மைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டில் செய்யப்பட்டவை. ஒரே தொழிற்சாலையின் ஒரே அச்சில் வார்த்த பொம்மை இங்கே ஒரு பெயரிலும் ஐரோப்பாவில் வேறு பெயரிலும் போகும். அதனால் வெளிநாட்டுப் பட்டியல்களையும் பார்ப்பது அவசியம். அமெரிக்காவின் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையம், ஐரோப்பிய ஒன்றியத்தின் சேஃப்டி கேட், ஆஸ்திரேலியாவின் பொருள் பாதுகாப்புத் தளம் ஆகிய மூன்றும் படத்தோடு வெளியிடுகின்றன, இலவசம். பல நாட்டு அறிவிப்புகளை ஒரே இடத்தில் தேட பல நாடுகள் சேர்ந்த ஓஇசிடி என்ற பொருளாதார அமைப்பின் குளோபல் ரீகால்ஸ் தளம் இருக்கிறது. ஆங்கிலம் வராதவர்கள் உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியைப் பயன்படுத்தலாம், இல்லையென்றால் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளையை உட்கார வையுங்கள்.

தேடும் முறை: பெயரும் மாடல் எண்ணும் இருந்தால் அதோடு 'ரீகால்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள். பெயரே இல்லையென்றால் போனில் படத்தை வைத்துத் தேடுங்கள். பொம்மையை எடுத்த படத்துக்கு ஒத்த விற்பனைப் பக்கங்கள் வரும். அங்கிருந்து ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயரை வைத்து மறுபடி பட்டியலில் தேடுங்கள்.

அறிவிப்பைத் திறந்ததும் முதலில் படத்தை ஒப்பிடுங்கள். அடுத்து மாடல் எண், தொகுதி எண், விற்ற காலம். ஒரே பொம்மையில் குறிப்பிட்ட மாதத்தில் செய்தவை மட்டும் பழுதாக இருக்கலாம். பின்னர் 'ஆபத்து' பகுதியையும், 'தீர்வு' பகுதியையும் படியுங்கள்: பணம் திரும்புமா, மாற்றுப் பாகம் அனுப்புவார்களா, அழித்துவிடச் சொல்கிறார்களா. பெயர் வேறாக இருந்து படம் அச்சு அசலாக ஒத்துப்போனால், அது உங்கள் பொம்மை இல்லை என்று நிரூபணமாகும் வரை அதுதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போலிகளுக்கு இந்தத் தேடலில் தனிக் கவனம் வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்க ஆணையம் போலி லபுபு பொம்மைகளைப் பற்றி அவசர எச்சரிக்கை விட்டது. சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைக்கும் அளவுக்குச் சிறியவை அவை என்றது. அசல் நிறுவனத்தின் அறிவிப்பு போலிக்குப் பொருந்தாது. போலியைச் செய்தவர் யாரென்றே தெரியாதபோது திரும்பப் பெறவும் ஆள் இல்லை.

படி 6: பொருந்திவிட்டால்

அந்த நிமிடமே பிள்ளை கையிலிருந்து எடுத்து, எட்டாத இடத்தில் ஒரு பையில் போட்டுக் கட்டுங்கள். அழுவாள், பரவாயில்லை. குப்பையில் போட வேண்டாம். பணம் கேட்கவும் புகார் கொடுக்கவும் பொம்மை வேண்டும். குப்பையிலிருந்து இன்னொரு பிள்ளை எடுத்துக்கொள்ளவும் கூடும். யாருக்கும் கொடுக்காதீர்கள், விற்காதீர்கள். ஆசிரமத்துக்கோ வசதியில்லாத குடும்பத்துக்கோ தானமாகக் கொடுப்பதும் வேண்டாம். ஆபத்து நம் வீட்டைவிட்டுப் போனால் சரி என்று இருந்துவிட முடியாது.

வாங்கிய கடைக்கு அறிவிப்பைக் காட்டிப் பணம் கேளுங்கள். ரசீது இல்லாவிட்டாலும் வங்கிச் செயலியில் பணம் போன பதிவு, படம், சாட்சி எல்லாம் உதவும். ஆன்லைன் என்றால் விற்றவருக்கும் தளத்துக்கும் இரண்டு பக்கமும் எழுதுங்கள். தயாரிப்பாளருக்கு எழுதும்போது கதை வேண்டாம். பொம்மையின் பெயர், மாடல் எண், தொகுதி எண், எங்கே எப்போது வாங்கியது, எந்த அறிவிப்போடு பொருந்துகிறது, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற ஆறும் போதும். மலேசியாவுக்கு இந்தத் தீர்வு பொருந்துமா என்று கடைசியில் கேட்டுவிடுங்கள். சில அறிவிப்புகள் குறிப்பிட்ட நாட்டுக்கு மட்டும். பொருந்தாது என்று பதில் வந்தாலும் பொம்மையைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

படி 7: அறிவிப்பே இல்லை, ஆனால் பொம்மை ஆபத்தானது என்றால்

நம் ஊரில் அடிக்கடி நடப்பது இதுதான். கண் கழன்றது, பேட்டரி மூடி தானாகத் திறந்தது, எந்தப் பட்டியலிலும் இல்லை. அப்போது முதல் புகார் உங்களுடையதாக இருக்க வேண்டும். சட்டப்படி, ஆபத்தான பொருளைத் தடைசெய்யவும் விற்றவர் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஆணையிடவும் அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் யாரும் சொல்லாமல் அவருக்குத் தெரிய வழியில்லை.

கேபிடிஎன் இலவச எண் 1-800-886-800. இணையத்தில் ஈ-அடுவான் பக்கத்திலும் புகார் செய்யலாம். பொம்மையின் படம், கழன்ற பாகத்தின் பக்கத்தில் ஒரு 20 சென் காசை வைத்து எடுத்த படம், முத்திரை இல்லாத பெட்டியின் படம், கடை இருக்கும் இடம், வாங்கிய நாள், விலை எல்லாம் சேருங்கள். பாசார் மாலாம் கடை என்றால் எந்தக் கிழமைச் சந்தை, எந்த வரிசை என்று எழுதுங்கள். கடைக்குப் பெயர்ப்பலகை இருக்காது. புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, பதில் வராவிட்டால் அதைச் சொல்லி மறுபடி கேளுங்கள். தமிழில் பேசி உதவி கேட்க வேண்டுமென்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். பல ஆண்டுகளாகத் தமிழிலும் பயனீட்டாளர் விஷயங்களை எழுதி வருபவர்கள்.

பணம் தர மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. பிள்ளைக்குக் காயம் ஏற்பட்ட வழக்கை இந்த மன்றம் எடுக்காது. அதற்கு நீதிமன்றம்தான், வழக்கறிஞரைப் பாருங்கள். 15 வெள்ளிப் பொம்மைக்காக மன்றமா என்று தோன்றலாம். அதுவரை போகாவிட்டாலும் அமைச்சுக்குப் புகாரையாவது கொடுத்துவிடுங்கள். அதே பொம்மை அடுத்த வாரச் சந்தையில் இன்னொரு பிள்ளைக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

படி 8: பிள்ளை போகிற எல்லா இடத்துக்கும் சொல்லுங்கள்

வீட்டைச் சுத்தம் செய்துவிட்டு, காலை ஆறு மணிக்குப் பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறோம். அங்கே இருக்கும் கூடையில் பத்து வீட்டுப் பழைய பொம்மைகள். ஆயாவிடம் குறை சொல்வது போலப் பேசாமல், "ஆயா, நானும் உங்ககூட உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கிறேன்" என்று அட்டைக் குழாயோடு போய் உட்காருங்கள். பாலர் பள்ளி ஆசிரியரிடமும் சொல்லுங்கள். திருவிழாவுக்கு முன்னால் கோயில் தலைவரிடம், கடை போட இடம் கொடுக்கும்போதே முத்திரையில்லாத பொம்மை, பட்டன் பேட்டரி விளக்கு, தண்ணீர் முத்து விற்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போடச் சொல்லுங்கள். தலைவர் நினைத்தால் ஒரே நாளில் முடிகிற காரியம்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்பும்போது, 'எல்லோரும் ஜாக்கிரதை, பகிரவும்' என்று படபடப்பாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், படித்தாலும் எந்தப் பொம்மை என்று புரியாது. இப்படி எழுதுங்கள், தேவையானதை மாற்றிக்கொள்ளுங்கள்:

"வணக்கம். படத்தில் உள்ள மஞ்சள் வாத்துப் பொம்மை, அடியில் உள்ள எண் இரண்டாவது படத்தில். சனிக்கிழமைப் பாசார் மாலாமில் 6 வெள்ளிக்கு வாங்கியது. அடிமூடி திருகாணி இல்லாமல் திறந்து பட்டன் பேட்டரி வெளியே வருகிறது. உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே எடுத்து எட்டாத இடத்தில் வையுங்கள், குப்பையில் போட வேண்டாம். பேட்டரி காணவில்லை என்றால் பிள்ளை நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். கேபிடிஎன்னுக்கு நான் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்களும் 1-800-886-800 எண்ணில் சொன்னால் நல்லது. இதே பொம்மை வைத்திருப்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்கிறேன்."